கண் எழுதாத மீன்

அத்தியாயம் 9

பதினான்காம் எண் ஒட்டிய கிண்ணத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சாரதாமணிக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது.

இது அவளுடைய கிண்ணம்.

ஆனால் அவளுடைய கிண்ணம் புதுச்சத்திரத்தில், வீட்டுக் கூடத்து ஷோகேஸில், மேல் தட்டில் இருக்கிறது. காலையில் கிளம்பும்போதுகூடப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

போன வாரம் அவளையும் மருமகள் மோனிஷாவையும் சேலம் ஐந்து ரோட்டில் ஓர் ஓட்டல் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே நடக்கும் பழம்பொருள் ஏலத்துக்கு இருவரும் வந்தது ஒரு பச்சைத் தட்டுக்காக. பாசி நிறத்தில் மெருகேறிய பழைய சீனத் தட்டு. அதன் படத்தைச் செல்போனில் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் பார்த்துப் பார்த்து மாமியார், மருமகள் இருவருக்குமே தூக்கம் போயிருந்தது.

கோழிப்பண்ணைக்காரர் முருகானந்தத்தின் மனைவிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஏற்காட்டில். ஒரு எஸ்டேட் பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டார்கள். தேக்குக் கட்டில் வாங்கப் போன முருகானந்தம் வெறுங்கையோடு திரும்பினார். கூடப் போன சாரதாமணி மடியில் ஒரு சீனப் பீங்கான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மலையிறங்கினாள். வெள்ளையில் நீலமாக நான்கு மீன்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் கண் எழுத விட்டுப்போயிருந்தது. அந்தக் குறைதான் அவளை இழுத்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு கை, ஏதோ ஒரு நினைவில் மறந்துபோன கண்.

"சோறு போட்டுத் திங்க ஆகாது, தண்ணி மோந்து குடிக்க ஆகாது. இதுக்கு எதுக்குப் புள்ள கண்ணாடி பீரோ?" என்று முருகானந்தம் கேட்டார். கேட்டுக்கொண்டே பீரோவையும் செய்து கொடுத்தார்.

இப்போது அந்த மீன் இங்கே எப்படி வந்தது?

சாரதாமணி கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தைக் கட்டைவிரலால் தடவினாள். சூளையில் வைத்தபோது ஒட்டிய ஒரு மணல் பருக்கை, கண்ணில்லாத மீனுக்கு நேர் கீழே நெருடியது. அவள் விரலுக்கு அது பழகிய இடம். நிமிர்த்தி விளிம்பை நகத்தால் சுண்டினாள். 'ணங்'கென்று வரவேண்டிய சத்தம் 'டொக்'கென்று வந்தது.

"மோனி, லைட்டைப் போடு சாமி."

மோனிஷா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். விளிம்பிலிருந்து தலைமுடி போல இரண்டு கோடுகள் இறங்கின. உடைந்ததை ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். பூசிய இடம் மட்டும் லேசாக மஞ்சளடித்தது.

"இது ஒட்டுப் போட்ட கிண்ணம். என்ற கிண்ணம் முழுசு" என்றாள் சாரதாமணி, தனக்குத் தானே சொல்வதுபோல. "ஆனா இது என்ற கிண்ணந்தான். எப்படி?"

"வெச்சுருங்க அத்தை. தட்டு அந்தப் பக்கம் இருக்கு, வாங்க."

மோனிஷாவின் முகம் வெளுத்திருந்தது. சாரதாமணி அதைக் கவனிக்கவில்லை. ஏலம் நடத்தும் வீரபாகுவைத் தேடிப் போனாள்.

"ஏனுங்க, இந்த மீன் கிண்ணத்தக் குடுத்தது யாருங்க?"

வீரபாகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "விக்கறவங்க பேரச் சொல்ற வழக்கமில்லீங்கம்மா. பழுது பாத்த சரக்குன்னு விவரத்துல போட்டிருக்கோம். படிச்சீங்களா?"

அவள் படிக்கவில்லை. ஏல விவரங்களைச் செல்போனில் பார்த்த அன்று, மீன் கிண்ணம் இருந்த பக்கத்தை மோனிஷா வேகமாகத் தள்ளிவிட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவசரமாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தாள்.

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, ஷோகேஸ்ல மீன் கிண்ணம் இருக்குதுங்களா?"

"எந்த மீனு?" என்றார் முருகானந்தம்.

"நீல மீனுங்க. மேல் தட்டுல."

"இருக்குதே. அது எங்க போவுது?"

"எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடிக் கதவு நகரும் சத்தம் கேட்டது. "நாலு மீனு. ஒண்ணுக்குக் கண்ணில்ல. போதுமா?"

"அடியில தடவிப் பாருங்க. மணலாட்டம் ஏதாச்சும் நெருடுதா?"

"நெருடுது, நெருடுது." குரலில் ஒரு அவசரம். "நீ போனது தட்டு வாங்கத்தான? வாங்கிட்டு வெயில் ஏர்றதுக்குள்ள வந்து சேரு."

போனை வைத்த பிறகு சாரதாமணி அங்கேயே நின்றாள். வீட்டில் இருப்பது முழுக் கிண்ணம். இது உடைந்தது. அப்படியானால் இது வேறு கிண்ணம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கட்டைவிரல் வேறு சொல்கிறது.

வயசாகிறதா? புத்தி தடுமாறுகிறதா? முட்டையைக் கையில் எடுத்தாலே உள்ளே கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறவள் அவள். அந்தக் கை இன்றைக்குப் பொய் சொல்கிறதா?

ஏலம் தொடங்கியது. வெள்ளிக் கூஜாக்கள், ஒரு பழைய சுவர்க் கடிகாரம், ஒரு கண்ணாடி விளக்கு என்று வரிசையாகப் போயின. பதினான்காம் எண் வந்தபோது சாரதாமணி தன் எண் அட்டையைத் தூக்கினாள். தூக்க வேண்டும் என்று முடிவு செய்த நினைவே அவளுக்கு இல்லை.

"அத்தை, தட்டுக்குன்னு வெச்ச பணம் அது" என்று மோனிஷா காதில் சொன்னாள்.

"தெரியும்."

முன்வரிசையில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் நான்கைந்து முறை கேட்டுவிட்டு, ஒட்டுப் போட்ட சாமானுக்கு இது அதிகம் என்று தலையாட்டி நிறுத்திக்கொண்டார். சாரதாமணி மூச்சு விட்டாள். அப்போது வீரபாகு மேசையிலிருந்த கணினியைப் பார்த்துச் சொன்னார்:

"ஆன்லைன்ல ஒருத்தர் கேக்கறாருங்க."

அவள் ஏற்றினாள். ஆன்லைனும் ஏற்றியது. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் ஏறியது. முகம் தெரியாத அந்த ஆளுக்கும் இந்தக் கிண்ணம்தான் வேண்டுமாம். அவனுக்கு என்ன தெரியும் இந்தக் கிண்ணத்தைப் பற்றி? யார் அவன்?

கூடத்தில் ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். உடைந்த கிண்ணம் முழுக்கிண்ணத்தின் விலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மோனிஷாவின் மடியில் செல்போன் அதிர்ந்தது. பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடி பார்த்தாள். சாரதாமணியின் கை இன்னொரு முறை மேலே போனபோது, மோனிஷா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை இறக்குங்க அத்தை."

"உடு மோனி."

"ஆன்லைன்ல கேக்கறது வேற யாரும் இல்ல அத்தை. அவருதான்."

"எவரு?"

"உங்க பையன். ஈஸ்வர்."

சாரதாமணிக்குக் காதில் விழுந்தது. அர்த்தமாகவில்லை. முட்டை வியாபாரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மகன், அம்மாவின் பீங்கான்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத மகன், அவளோடு ஏலத்தில் போட்டி போடுகிறானா? எதற்கு?

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." வீரபாகு அவளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. "மூணு தரம்."

சுத்தியல் விழுந்தது. கிண்ணம் ஈஸ்வருக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சைத் தட்டு வந்தது. சாரதாமணி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அட்டையை எடுக்கவில்லை. தட்டு வேறு யாருக்கோ போயிற்று.

ஈஸ்வருக்காகப் பணத்தைக் கட்டி, கிண்ணம் வைத்த அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்த மோனிஷா, கார் நிறுத்துமிடத்தில் வண்டிக்கதவைத் திறக்காமல் நின்றாள்.

"உடைச்சது நான்தான் அத்தை."

சாரதாமணி பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"போன ஆடியில. நீங்க கொல்லிமலைக்குப் போயிருந்தீங்க. உங்களுக்குப் பிடிச்சதைத் துடைச்சு வெக்கலாம்னு எடுத்தேன். ஈரக்கை. வழுக்கிருச்சு. மாமா சத்தம் கேட்டு வந்தாரு. 'இப்பத்தான் உங்கத்தை உன்னைய ஒரு வார்த்தை சாப்டியான்னு கேக்கறா. இது தெரிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும் சாமி'ன்னு சொல்லி, துண்டுகளை எடுத்துட்டுப் போனாரு. ரெண்டு நாள்ல முழுக் கிண்ணத்தோட வந்தாரு. டூப்ளிகேட்டு, அச்சு அசல் அப்படியே செஞ்சிருக்காங்கன்னாரு."

முருகானந்தம் அப்படிப் பயந்ததில் நியாயம் இருந்தது. ஈஸ்வர் அம்மாபேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தபோது, சாரதாமணி இரண்டு மாதம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அது நமக்கும் தெரியும்.

"இன்னிக்கு நீங்க போன் பண்ணதும் மாமா பயந்துட்டாரு. நீங்க இதை வாங்கிட்டு வந்து பக்கத்துல வெச்சா எல்லாம் வெளிய வந்துரும்னு, உங்க பையனை ஏலத்துல கேக்கச் சொல்லியிருக்காரு. அத்தையைக் கேக்க விடாதேன்னு எனக்கு மெசேஜ் மேல மெசேஜ்."

"வண்டிய எடு" என்றாள் சாரதாமணி.

வண்டி மல்லூரைத் தாண்டியது. முட்டை லாரிகளும் பள்ளிக்கூடப் பேருந்துகளும் கடந்து போயின. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு சாரதாமணி வெளியே பார்த்தபடி இருந்தாள்.

கிண்ணம் உடைந்தது அவளை அவ்வளவு வருத்தவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். வருத்தியது வேறு. ஆடியிலிருந்து வாரம் தவறாமல் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தது ஒரு போலியையா? வந்த சம்பந்திக்கும் பங்காளிக்கும் 'இருட்டுல குடுத்தாலும் என்ற கைக்குத் தெரியும்' என்று பெருமையடித்தது ஒரு போலியைக் காட்டியா? பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்திக்குப் பச்சைத் தட்டு எதற்கு, எதுதான் எதற்கு?

இன்னொன்றும் இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மோனி."

"சொல்லுங்க அத்தை."

"ஆவணியில இருந்து தெனமும் சாயங்காலம் என்ற பக்கத்துல உக்காந்து, இங்கிலீஷ்ல இருக்கறதையெல்லாம் தமிழ்ல படிச்சுச் சொன்னியே. எந்த ராசா காலத்துல எந்த நீலம், எந்த ஊரு சூளைன்னு. அதெல்லாம் பயத்துலயா? உடைச்ச பாவத்துக்கா?"

மோனிஷா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பொய் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறாளோ என்று சாரதாமணிக்குத் தோன்றியது.

"மொதல்ல பயத்துலதான் அத்தை."

"ம்."

"அப்புறம் எப்பவோ மாறிருச்சு. எப்பன்னு எனக்கே தெரியல. கார்த்திகையில நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஒரு ஜாடியோட படத்தைப் பாத்துட்டு உடனே உங்களுக்கு அனுப்பினேன். அனுப்பினதுக்கு அப்புறம்தான், அன்னிக்குக் கிண்ணத்தைப் பத்தி நான் நெனைக்கவே இல்லைன்னு தெரிஞ்சுது."

நம்புவதா வேண்டாமா என்று சாரதாமணிக்குத் தெரியவில்லை. நம்ப ஆசையாக இருந்தது. அந்த ஆசைமேலேயே சந்தேகமாகவும் இருந்தது.

வீட்டுப் போர்ட்டிகோவில் அப்பாவும் மகனும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்களைப்போல நின்றார்கள்.

"அம்மா, அப்பா சொன்னாரு, நான் அமுக்கினேன். அவ்வளவுதான்" என்றான் ஈஸ்வர் முதலிலேயே. "எதுத்தாப்புல நீங்கதான் கேக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா அமுக்கியிருப்பனா? மோனி உங்களைத் தடுத்திருப்பான்னு நெனச்சேன்."

"ஒரே ஊட்டுக்காரங்க ரெண்டு பேரும் சேந்து வெலைய ஏத்தியிருக்கறோம். நல்ல குடும்பம்" என்றாள் சாரதாமணி.

முருகானந்தம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னைய ஏமாத்தோணும்னு இல்ல புள்ள."

"ஏமாத்தாம வேற என்ன பண்ணுனீங்க?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"கத்தியிருப்பேன்."

"அதான்."

"ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அதுக்கப்பறம் பேசியிருப்பேன்ல? கோபப்படறதுக்குக்கூட எனக்கு வழி இல்லாமப் பண்ணிப்போட்டு, மூணு பேரும் என்ற முகத்தைப் பாத்துப் பாத்துச் சிரிச்சிட்டிருந்தீங்களே. கிண்ணத்தைப் போலின்னு தெரியாம வெச்சிருந்தது போவட்டும். உங்களைத்தான் தெரியாம வெச்சிருந்திருக்கறேன்."

மோனிஷா வாசற்படியில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

சாரதாமணி உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையின் மேல் துண்டை விரித்து, ஒட்டுப் போட்ட கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். பிறகு ஷோகேஸைத் திறந்து மற்றதை எடுத்தாள். போலியை ஒருமுறையாவது போலி என்று தெரிந்து பார்த்துவிட வேண்டும். எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று தெரிந்தால் போதும்.

கவிழ்த்தாள். ஆடிக்குப் பிறகு அதை அவள் கவிழ்த்ததே இல்லை. நம்பிக்கை இருக்கிற பொருளை யார் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்?

புதிதாகச் செய்த போலிகளை அவள் பார்த்திருக்கிறாள். அடி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். பழசாகத் தெரிய டிகாஷன் ஊற்றிக் கறையேற்றியிருப்பார்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை வந்துவிடும். இதைத் துடைத்தாள். வரவில்லை. அடிவளையம் தேய்ந்து மழுங்கியிருந்தது. மெருகு முடியும் இடத்தில் இயற்கையாய்ப் பூத்த துரு நிறக் கோடு. மணல் பருக்கை இருந்தது. ஆனால் கண்ணில்லாத மீனுக்குக் கீழே இல்லை, எதிர்ப்புறம் இருந்தது. சுண்டினாள். சத்தம் அறை முழுக்கச் சுற்றி வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தினாள். கண்ணில்லாத இரண்டு மீன்கள். இரண்டிலும் வால் முடியும் இடத்தில் தூரிகை ஒரு கணம் தயங்கி, பிறகு இழுத்திருக்கிறது. ஒரே கை. ஒரே தயக்கம்.

அப்படியானால் அது மறதி இல்லை. எழுதினவன் வேண்டுமென்றேதான் கண்ணை விட்டிருக்கிறான்.

"இது டூப்ளிகேட்டு இல்லீங்க" என்றாள்.

முருகானந்தம் கிட்டே வந்தார். "என்ன சொல்ற?"

"இதுவும் பழசுதான். இது அதோட ஜோடி."

"அப்ப ரெண்டுமே ஒரிஜினலா?" என்றான் ஈஸ்வர்.

சாரதாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கை பொய் சொல்லவில்லை. ஏலக் கூடத்திலும் சொல்லவில்லை, இத்தனை மாதம் வீட்டிலும் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இதை எங்க வாங்குனீங்க?"

"அயோத்தியாப்பட்டணத்துல, ஆத்தூர் ரோட்டு மேல, சின்னண்ணன்னு ஒருத்தரு. பழைய சாமான் ஒட்டிக் குடுக்கறாருன்னு சொன்னாங்க. ஒட்டத்தான் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனா, இதைக் கொண்டாந்து கையில குடுத்தாரு. 'முழுசாவே கொண்டுபோங்க. உடைஞ்சதை நான் வெச்சுக்கறேன்'னாரு. போலி போலிருக்குன்னு நெனச்சுட்டு நானும் வாங்கிட்டு வந்துட்டேன்."

"என்ன குடுத்தீங்க?"

"வாங்கல. எவ்வளவோ சொன்னேன். ஒத்தை ரூபா வாங்கல."

முழுக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு உடைந்ததை யாராவது வாங்கிக்கொள்வார்களா? வாங்கி, பொறுமையாக ஒட்டி, அதை அவள் வரக்கூடிய ஏலத்துக்கே அனுப்புவார்களா? அல்லது அனுப்பியது வேறு யாராவதா?

முருகானந்தம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்.

"இன்னும் என்னங்க? ஏதாச்சும் மறைச்சிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

"மறைக்கோணும்னு இல்ல. இதைச் சொன்னா கிண்ணம் உடைஞ்சதையுஞ் சொல்லோணும்னு உட்டுட்டேன்." அவர் மோனிஷாவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "நான் கெளம்பறப்ப அந்த ஆளு வாசல் வரைக்கும் வந்தாரு. 'சாரதாமணி நல்லாருக்குதுங்களா?'ன்னு கேட்டாரு."

"என்ற பேரச் சொன்னீங்களா நீங்க?"

"என்ற பேரையே சொல்லல புள்ள. எந்த ஊருன்னுகூடச் சொல்லல."

சின்னண்ணன். அந்தப் பேரைச் சாரதாமணி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடம், பிறந்த ஊர், அப்பாவின் சிநேகிதர்கள், ஏற்காட்டுப் பங்களாவில் அன்றைக்கு நின்ற கூட்டம் என்று ஒவ்வொரு இடமாகத் தேடினாள். அந்தப் பேருக்கு ஒரு முகமும் வரவில்லை.

"ஈஸ்வரு, காத்தால வெள்ளனே வண்டிய எடு. அயோத்தியாப்பட்டணம் போவோணும்."

வாசற்படியிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "நானும் வரட்டுமா அத்தை?"

சாரதாமணி இரண்டு கிண்ணங்களையும் துண்டோடு நகர்த்தி வைத்து, மேசையில் ஓரிடம் ஒழித்தாள்.

"மொதல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வா. மத்தியானமே நீ ஒண்ணும் திங்கல."